கிறுக்கு எழுத்தா, கேள்விக்குறியா?

வாய்க்கால் தண்ணீர் எப்போது வரும் என்பதை வயல் செய்யும் கமக்காரரின் போனுக்குத் தமிழில் அனுப்பும் புரோகிராம் ஒன்றை முனவ்வறாவும் யதுர்ஷிகாவும் சேர்ந்து எழுதினார்கள். முள்ளியவளைக் கமக்கார அமைப்புக்கு அதைக் காட்டவேண்டிய காலையில், வவுனியாவிலிருந்து யதுர்ஷிகா பதறிக்கொண்டு முனவ்வறாவுக்குப் போன் எடுத்தாள்.

“அக்கா, புதுக் கொம்பியூட்டரில கோட் பைலைத் திறந்தனான். தமிழ் வசனமெல்லாம் பிழைச்சுப் போச்சு. முழுக்கத் திரும்ப அடிக்கவேணும் போல.”

“கேள்விக்குறியாக் கிடக்கோ, கிறுக்கு எழுத்தாக் கிடக்கோ? வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ.”

“கிறுக்கு எழுத்து. தலையில கோடு போட்ட ஆங்கில எழுத்துகள், இடைக்கிடை வட்டத்துக்குள்ள ஒரு ஆர்.”

முனவ்வறா சிரித்தாள். “அப்ப ஒண்டும் அழியேல்லை. கேள்விக்குறி எண்டாத்தான் எழுத்தே அழிஞ்சுபோச்செண்டு கவலைப்படவேணும். நாங்கள் யுடிஎஃப்-8 எண்ட எழுத்துக் குறியீட்டு முறையில சேவ் பண்ணினதை உங்கட எடிட்டர் பழைய முறையில வாசிக்குது. இப்ப சேவ் பண்ணிப்போடாதேங்கோ. அப்பிடியே மூடிப்போட்டு, யுடிஎஃப்-8 எண்டு தெரிவுசெய்து திறவுங்கோ.”

யதுர்ஷிகா பைலை மூடிவிட்டு, அவள் சொன்னபடி திறந்தாள்.

“வந்திட்டுது அக்கா! எழுத்துக்கு மேல வாற ஒரு குற்றுகூடத் தவறேல்லை.”

“ஓம், வரும்தானே. இனி எடிட்டர் எப்பவும் அப்பிடியே திறக்கிற மாதிரி செற்றிங்கில மாத்தி விடுங்கோ.”

பத்து மணிக்கு அமைப்பின் கூட்டத்தில், முனவ்வறாவுக்கு முன்னால் இருந்த செயலாளர் யோகலிங்கத்தின் போன் ஒலித்தது. “நாளைக் காலை ஆறு மணிக்கு உங்கள் வாய்க்காலில் தண்ணீர் திறக்கப்படும்” என்று எல்லாருக்கும் கேட்க வாசித்துவிட்டு முனவ்வறாவைப் பார்த்தார்.

“பிள்ளை, ஆறு மணி பிந்திப்போகும். ஐஞ்சரைக்கே திறக்கிறம்; அப்பிடி மாத்தேலுமோ?”

“ஏலும் ஐயா” என்று முனவ்வறா லாப்டொப்பைத் திறந்தாள்.