வெட்டுக்கிளி ஃபோர்க்

மேட்டிலிருந்து இறங்கினால் அச்சகத்து மூலை. அங்கே வலப்பக்கம் திரும்பினால் துணிக்கடைத் தெரு. பெரியவள் ஹேண்டிலைத் திருப்பத்தான் செய்தாள். ஆனால் வண்டிக்குத் திரும்ப மனமில்லை. நேரே போய், சைடுகாரின் மூக்கை அச்சகச் சுவரில் உரசிவிட்டு நின்றது. சுவரில் நீளமாக ஒரு பச்சைக் கோடு.

மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் பூட்டிய அந்த சைடுகாருக்குள் ஊன்றுகோல்களைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்த சின்னவள் மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"ஏன்க்கா, சுவத்துக்கும் பெயிண்ட் அடிக்கச் சொன்னாங்களா?"

பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தோள்பட்டை இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. பட்டறையில் பெயிண்ட் துப்பாக்கி பிடித்துப் பழகிய கைகள்தான். அவற்றுக்கே அந்த ஹேண்டில் மசியவில்லை.

இந்த வண்டியை அவள் ஆசைக்காகக் கட்டவில்லை. சின்னவளுக்குச் சிறு வயதிலிருந்தே இரண்டு கால்களிலும் பலம் கிடையாது. பேருந்துப் படி அவளுக்கு மலை. ஊன்றுகோலைக் கண்டாலே வாடகை வண்டிக்காரர்களுக்குக் கண் தெரியாமல் போய்விடும். வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவளை, துணிக்கடைக்காரம்மா துணி வெட்டும் மேசைக்கே கூப்பிட்டிருந்தார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வர வேண்டும், தினமும் வர வேண்டும். அதற்காகத்தான் பழைய ஃபிரேம் ஒன்றைத் தேடிப்பிடித்து, தகரம் வளைத்து, சைடுகார் பூட்டி, பச்சை வண்ணம் அடித்தாள்.

மறுநாள் காலையில் சின்னவள் ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள். "நான் வீட்டிலேயே தைக்கிறேன்க்கா. கடைக்காரம்மாகிட்ட சொல்லிடு."

"வாயை மூடு. மாசம் முடியட்டும்."

"நேத்து கண்ணை மூடிட்டேன். தினமும் கண்ணை மூடிக்கிட்டு வேலைக்குப் போக முடியுமா?"

அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பெரியவளுக்கு அந்தச் சிரிப்புத்தான் தாங்கவில்லை.

பட்டறையில் மெக்கானிக் வேலை பார்ப்பவன் அவர்களுடைய அத்தை மகன். வயதில் மூத்தவன் என்பதால் இருவருக்கும் அத்தான். அவன் முன்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து நிற்கும் ஃபோர்க்கைத் தட்டிக் காட்டினான்.

"இது ரெண்டு சக்கர வண்டிக்குப் போட்ட காலு. பக்கத்துல நீ ஒரு தேரைக் கட்டிவிட்டிருக்க. பாவம், என்ன செய்யும்?"

"உங்க தங்கச்சி முறைக்காரிய தேருங்கறீங்களா?" என்றாள் பெரியவள்.

"அவ எனக்குத் தங்கச்சி முறையா? நல்லா இருக்கே கதை. கட்டிக்கிற முறை. நாக்கைப் பார்த்துப் பயந்துதான் ஒதுங்கி இருக்கேன்." பிறகு குரலை இறக்கினான். "பழைய சைடுகார் வண்டிகள்ல வேற மாதிரி ஃபோர்க் இருக்கும். சக்கரம் கொஞ்சம் முன்னாடி தள்ளி நிக்கும். அது இருந்தா ஹேண்டில் பூ மாதிரி திரும்பும். கிடைச்சா உன் அதிர்ஷ்டம்."

பழைய இரும்புக் கடைக்காரரை எல்லோரும் டிங் என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் எப்போதும் ஒரு ஸ்பூன் வைத்திருப்பார். எதை எடுத்தாலும் அதால் ஒரு தட்டு. சத்தம் கணீரென்று வந்தால் விற்பார், மொத்தென்று வந்தால் உருக்கப் போட்டுவிடுவார். பெரியவள் கேட்டதும் மூன்று ஃபோர்க்குகளை இழுத்துப் போட்டார்.

முதலாவது முகம் பார்க்கலாம் போல மின்னியது. நெற்றியில் இரட்டை ஸ்பிரிங். டிங் தட்டினார். ஒரு காலில் கணீர், மறு காலில் மொத். "மேக்கப் போட்ட நோயாளி" என்று ஓரமாகத் தள்ளினார்.

இரண்டாவதைப் பார்த்ததும் பெரியவள் கிட்டே போய்க் குனிந்தாள். கர்டர் ஃபோர்க். இரும்புப் பாலத்தில் ஒரு துண்டை வெட்டி வந்தது போல, குறுகி இறங்கும் சட்டங்கள், நடுவில் ஒற்றை ஸ்பிரிங். பழைய பாணி வண்டி கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் இதைத்தான் மாட்டுவார்கள். எத்தனையோ முறை அவளே வண்ணம் அடித்திருக்கிறாள். இதற்குக் கறுப்பு அடித்து, ஓரத்தில் மயிரிழை போல ஒரு தங்கக்கோடு இழுத்தால்! விரல் தானாகவே கோட்டை இழுத்துப் பார்த்தது.

மூன்றாவது அசிங்கமாக இருந்தது. தடித்த கால்கள், அவற்றின் அடியில் முழங்காலை முன்னால் நீட்டிய மாதிரி ஒரு கை. எங்கோ தாவப் போகிற வெட்டுக்கிளி. துரு வேறு.

டிங் அதைத் தட்டினார். கோயில் மணி தோற்றது.

"இங்க பாரும்மா." அந்தக் கை மாட்டுகிற இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளைகள் இருந்தன. "பின் துளை, தனியா ஓட்டுறவனுக்கு. முன் துளை, கூட ஒரு ஆளைக் கட்டி இழுக்கிறவனுக்கு. நீ யாரு?"

பெரியவள் கர்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்துவிட்டவன் போல இருந்தது அவள் நிலை. "முன் துளைதான்" என்றாள்.

பையிலிருந்து நாடாவை எடுத்தாள். ஃபிரேமின் கழுத்தை, அதாவது ஃபோர்க்கின் தண்டு நுழைந்து மேலே வரும் குழாயை, அன்று காலையில்தான் அளந்திருந்தாள். தண்டின் நீளம் கச்சிதமாகப் பொருந்தியது. டிங் ஒரு துணி முடிச்சையும் கொடுத்தார். உள்ளே பழைய பால்ரேஸ் கிண்ணங்கள் இரண்டு. கழுத்தின் மேலும் கீழும் பொருந்தி, ஹேண்டில் திரும்பும்போது உருளும் இரும்புக் குண்டுகளைத் தாங்குபவை. "இதோட கூடப் பிறந்தது. பிரிக்கக்கூடாது" என்றார்.

வீட்டில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததும் கிண்ணங்கள் பளபளத்தன. ஃபிரேமுக்குத்தான் புதுக் கிண்ணங்கள் வாங்கியாயிற்றே. சின்னவள் இரண்டையும் பிடுங்கிக்கொண்டாள். ஒன்றில் குண்டூசி, ஒன்றில் பொத்தான்.

துருவைத் தேய்த்து, பூசி, மறுபடி தேய்த்து, அந்த வெட்டுக்கிளிக்கும் பச்சை அடித்தாள் பெரியவள். ஆசை விடவில்லை, மயிரிழைத் தங்கக்கோட்டையும் இழுத்துவிட்டாள். அத்தான் தண்டைக் கழுத்துக்குள் ஏற்றினான். மேலே நட்டை வைத்துத் திருகினான். அரைச் சுற்றில் நட்டு கையோடு வந்துவிட்டது.

"தண்டு எட்டலையே. கழுத்தை எப்படி அளந்த?"

"சுத்தமாத்தான் அளந்தேன். எல்லாத்தையும் கழட்டி, தேய்ச்சு…"

"கிண்ணத்தையுமா?"

பெரியவள் வாய்க்குள்ளேயே "ஆமா" என்றாள். வண்ணம் அடிக்குமுன் கிண்ணங்களைத் தட்டிக் கழற்றிவிடுவது அவள் வழக்கம். அவற்றில் ஒரு துளி பெயிண்ட் பட்டாலும் குண்டு உருளாது. வெறுங்கழுத்தையே பார்த்துப் பார்த்து, அவள் கண்ணுக்குக் கழுத்தென்றால் அதுதான் என்றாகிவிட்டது. கிண்ணங்கள் மேலும் கீழும் துருத்திக்கொண்டு நிற்கும் என்பது நினைவிலேயே இல்லை.

"புதுத் தண்டு கடையணும்" என்றான் அத்தான். "கடைசல்காரர் ஊருக்குப் போயிருக்கார். முதல் தேதிக்குள்ள ஆகாது."

அன்று மாலை பெரியவள் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் தையல் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சின்னவள் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள் போலிருக்கிறது. முதல் தேதிக்குப் போட்டுக்கொள்ளத் தனக்கென்று தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். வேறு யாருடைய பாவாடையையோ எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஊசி எடு."

பெரியவள் கிண்ணத்தை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

கிண்ணம் ஆழமாக இருந்தது. விளிம்போ தொப்பியின் ஓரம் போல மெல்லியது. புதுக் கிண்ணங்கள் தடித்த வளையத்தோடு கழுத்துக்கு வெளியே உட்காரும். இது அப்படியல்ல. இது கழுத்துக்குள்ளேயே முழுகிவிடும். வெளியே தெரிவது விளிம்பு மட்டும்தான்.

குண்டூசிகளைப் பாயில் கொட்டினாள்.

"ஏய்! என் ஊசி! பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"அந்தப் பொத்தான் கிண்ணத்தையும் குடுடி!"

பட்டறையைப் பூட்டிக்கொண்டிருந்த அத்தானை மறுபடி திறக்க வைத்தாள். ஃபிரேமும் ஏறக்குறைய அந்தக் காலத்து ஃபிரேம்தான். மரக்கட்டையை வைத்துத் தட்டத் தட்ட, கிண்ணம் முனகிக்கொண்டே உள்ளே போய் அமர்ந்தது. அத்தான் நட்டை வைத்துத் திருகினான். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அதற்குப் பிறகு கையால் முடியாமல் ஸ்பேனரை எடுத்தான்.

"கூடப் பிறந்ததுன்னு அந்த ஆளு சொன்னாரே" என்றாள் பெரியவள்.

"சொன்னாரா? எங்கிட்ட ஏன் சொல்லல நீ?" என்று அத்தான் ஸ்பேனரை ஓங்கினான். அவள் ஓடிவிட்டாள்.

முதல் தேதி. சின்னவள் புதுச் சட்டையோடு சைடுகாரில் ஏறினாள். ஊன்றுகோல்களை வழக்கம்போல இறுக்கிக் கட்டிப்பிடித்தாள். "அந்த மூலை வந்தா முன்னாடியே சொல்லு. நான் கண்ணை மூடிக்கிறேன்."

"சொல்றேன்."

வண்டி கிளம்பியது. சின்னவளுக்கு வழியெல்லாம் பேச்சு. கடைக்காரம்மா எந்தக் கத்தரிக்கோல் கொடுப்பார், இடது கைப்பழக்கத்தை எப்படிச் சொல்வது, சாப்பாட்டு டப்பாவை எங்கே வைப்பது, அத்தான் ஏன் காலையில் வாசலில் வந்து நின்றுகொண்டு ஒன்றுமே பேசாமல் தலையைச் சொறிந்தான். பேச்சு வேகத்தில் ஊன்றுகோல்கள் மடியில் சரிந்துவிட்டன. கைகள் காற்றில் துணி வெட்டிக்கொண்டிருந்தன.

வண்டி மேட்டிலிருந்து இறங்கியது. அச்சகச் சுவர் எதிரே வந்தது. பச்சைக் கோடு அப்படியே இருந்தது. வேகத்தைக் குறைத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டாள், தோளைக் கொடுத்துத் தள்ளத் தயாரானாள். தள்ளவே வேண்டியிருக்கவில்லை. உள்ளங்கையால் ஹேண்டிலைச் சும்மா அழுத்தினாள். வெட்டுக்கிளி தலையைத் திருப்பியது. சுவர் நகர்ந்து ஒதுங்கிக்கொண்டது போல இருந்தது.

துணிக்கடைத் தெருவுக்குள் பாதி தூரம் வந்த பிறகுதான் சின்னவள் பேச்சை நிறுத்தினாள்.

"அக்கா, அந்த மூலை இன்னும் வரலையா?"

"அது போயிடுச்சுடி."

சின்னவள் கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஊன்றுகோல்களை எடுத்துக் காலடியில் கிடத்தினாள்.

"சொல்லியிருக்கலாம்ல? பார்த்திருப்பேன்."

"சாயங்காலம் அதே வழியாத்தானே வரணும். அப்ப பாரு" என்றாள் பெரியவள்.