பாதிக் கதவு

எழுந்ததும் அவன் கதவுகளைப் பார்ப்பான். படுக்கையறைக் கதவைச் சுவரோடு ஒட்டத் திறந்துவைப்பான். குளியலறைக் கதவை முழுக்கச் சாத்துவான். நாற்காலிகளை மேசைக்கடியில் தள்ளுவான். மகளின் செருப்பை மூலையில் போடுவான். பிறகுதான் பால் அடுப்பில் ஏறும். மனைவி இறந்து ஒரு வருடமாகியும் இந்தச் சுற்று நிற்கவில்லை.

அவளுக்கு விழித்திரை நோய். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. நேரே இருப்பது தெரியும், பக்கவாட்டில் தெரியாது. இருட்டினால் சுத்தமாக ஒன்றும் தெரியாது. “என் நைட் ஷிப்ட் ஆளுங்க எல்லாம் வேலையை விட்டு நின்னுட்டாங்கடா” என்பாள். பாதி திறந்த கதவில் நெற்றியை இடித்துக்கொண்டு அவனைத்தான் திட்டுவாள். அவளைக் கொண்டுபோனது என்னவோ வெறும் காய்ச்சல்.

மகளுக்கும் அந்த நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று சோதனை.

விழித்திரையின் மின்சாரத்தை அளப்பதற்கு முன், குச்சி செல்கள் விழித்துக்கொள்ளும்வரை இருட்டில் உட்கார வேண்டும். மகளோடு அவனையும் உட்காரவைத்து, விளக்கை அணைத்துவிட்டு டெக்னீஷியன் வெளியே போனாள். கதவடியில் போட்ட கறுப்புத்துணி சற்று விலகி நூலளவு வெளிச்சம் கசிந்தது. அவனுக்குத் தன் கைகூடத் தெரியவில்லை.

“அப்பா, பயமா இருக்கா?”

“எனக்கென்னடி பயம்?”

“புளுகாதீங்க. நாற்காலியே நடுங்குது.”

அவன் காலாட்டுவதை நிறுத்தினான். நேரம் போனது. திடீரென்று அந்த இருட்டிலேயே மகள் களுக்கென்று சிரித்தாள்.

“ஐயே! சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க. ஒரு பக்கம் தொங்குது.”

குனிந்து பார்த்தான். தொங்கியது.

“இன்னொரு தடவை சொல்லு.”

“கோமாளி மாதிரி இருக்கீங்க. போதுமா?”

சோதனை முடிந்ததும் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். அலைகள் உயர உயர எழுந்திருந்தன. “குச்சி செல்லெல்லாம் ஜோரா வேலை செய்யுது. தைரியமாப் போங்க.”

வீட்டுக்கு வந்ததும் மகள் குளியலறைக்கு ஓடினாள். கதவைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். இனி இந்த வீட்டில் அது எப்படி நின்றாலும் யார் நெற்றியும் அடிபடாது. அவன் அதன்மேல் கைவைத்து நின்றான்.

மனைவி கடைசியாக என்ன சொன்னாள் என்று உறவுக்காரர்கள் கேட்டபோதெல்லாம் அவன் பேச்சை மாற்றியிருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, கொதிக்கும் உடம்போடு வாசலில் திரும்பிச் சொன்னாள்:

“டேய், பாத்ரூம் கதவைப் பாதியில விட்டிருக்க பாரு. ஒண்ணு திற, இல்ல சாத்து. திரும்பி வந்ததும் என் மூக்கு உடையணுமா?”