நாலுக்குப் போன நோ

1
இந்தக் கதையின் மூலத்தை முதலே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்லூரி மலருக்கு ஒரு சோகக் கதை கேட்டார்கள். எங்கள் குடும்பத்தில் கைவசம் இருந்த சோகம் சந்தியோகு மாமா மட்டும்தான். எடுத்துக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: "பேசாலைக் கடல் அன்று அழுதது." [வெட்டிவிட்டேன். அன்று நல்ல சூடைமீன் பட்டது. கடலுக்கு அழ நேரமில்லை.]

இரண்டாம் தொடக்கம்: "புற்றுநோயை வென்ற அந்தத் தீரன்..." [மதலேனா மாமி வாசித்துவிட்டு, "தீரன் ஊசியைக் கண்டு கட்டிலுக்குக் கீழ ஒளிச்சதை எழுதேல்லையோ?" என்றார்.]

2
மாமா கடற்கரையில் மீன் ஏலம் கூறுபவர். கீமோ மருந்து கட்டியைக் கரைத்தது. போகிறபோக்கில் கால் நரம்புகளையும் கெடுத்தது. செருப்புக் கழன்று விழுந்தால் அவருக்குத் தெரியாது. போர்வை நுனி பட்டால் மட்டும் நண்டு கடித்ததுபோலத் துள்ளுவார்.

கிளினிக்கில் டொக்டர் கேட்டார்: பூச்சியத்திலிருந்து பத்துக்குள் நோ எவ்வளவு, வலிக்கு எத்தனை புள்ளி? டொக்டர் சிங்களவர். மொழிபெயர்ப்பாளன் நான்.

"நாலு," என்றார் மாமா.

"ஹதரய்," என்றேன்.

டொக்டர் எழுதினார். நாலுக்கு ஏற்ற மிகச் சிறிய அளவில் மோர்பின் குளிசை வந்தது. நோ அசையவில்லை.*

3
பஸ்ஸில்தான் உண்மை வெளியே வந்தது.

"நாலிலை தொடங்கினா டொக்டர் ஏத்துவார் எண்டு பாத்தன். அப்பிடியே எழுதிப்போட்டார்."

"உங்கட கால் என்ன சூடைமீன் குவியலோ?" என்றார் மாமி. "அப்ப உண்மையிலை எவ்வளவு?"

"அதை ஏலக்காரன் சொல்லுறதோ?"

"அடுத்தமுறை கூட்டிச் சொல்லுங்கோ."

"ஏலம் நாலுக்கு விழுந்திட்டுது. விழுந்ததை மாத்தினா, பிறகு ஆர் என்னட்டை மீன் எடுப்பினம்?"

ஒரு மாதம் சொல்லைக் காப்பாற்றினார். கால் எரிந்தது. கடற்கரையில் அவருடைய இடத்தில் சிங்கராசா ஏலம் கூறினார். மாமா வீட்டில் கிடந்தபடியே காதைக் கொடுத்து, "குறைச்சுப்போட்டான்," என்று முனகினார்.

[இவ்விடத்தில் 'மோர்பினும் போதையும்' என்று ஒரு அத்தியாயம் இருந்தது. மாமாவுக்கு வந்த ஒரே போதை, பிரசங்கத்தில் நித்திரை. அது குளிசைக்கு முதலும் வந்ததுதான்.]

4
மீபுனைவில் ஆசிரியர் தன் பாத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டுமாம். எனக்கு என்மேல்தான் சந்தேகம். அன்று நான் ஒன்பது என்று மொழிபெயர்த்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? கதைகளில் பொய் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவன், கிளினிக்கில் மட்டும் யோக்கியனாக இருந்து தொலைத்தேன்.

5
கதையை மாமிதான் காப்பாற்றினார். அடுத்த கிளினிக் வாசலில் சொன்னார்:

"இஞ்சேருங்கோ, நேற்றையான் மீனின்ர விலை இண்டையான் மீனுக்கோ? இது இண்டைக்குப் பட்ட நோ."

மாமா யோசித்தார். தொழில்முறைப்படி மறுக்க இடமில்லை.

டொக்டர் கேட்டார். மாமா கதிரையைப் பிடித்து எழும்பி, கடற்கரைக் குரலில் கூறினார்:

"நாலு."

"அஞ்சு," என்றார் மாமி.

எழுதப்போன பேனை நின்றது. நேர்ஸ் பூமணி, என்ன நடக்கிறதென்று விளங்காமலே, "ஆறு," என்றார்.

"ஏழு." மறுபடி மாமி. நான் ஒவ்வொன்றையும் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே போனேன்.

டொக்டர் மாமாவின் முகத்தைப் பார்த்தார். கதிரையை விடாத கையைப் பார்த்தார். பேனையை வைத்துவிட்டு எட்டு விரல்களை உயர்த்தினார்.

"எட்டு, ஒருதரம்," என்ற மாமா என்னைப் பார்த்தார். இன்னும் ஏற இடமிருக்கும்போது அவர் கூட்டத்தைப் பார்க்கிற பார்வை அது.

மொழிபெயர்ப்பாளன் ஏலம் கேட்கக்கூடாது. வாசிக்கிற நீங்கள் கேட்கலாம். இரண்டாம் பகுதியிலிருந்து நிற்கிறீர்கள், மாமாவின் கால்களை என்னைவிட நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.

"எட்டு, ரெண்டுதரம்."

---
* மோர்பின் உண்டாக்கிய மலச்சிக்கல் பற்றி மாமா பப்பாசி மரத்தோடு மட்டுமே பேசுகிறார். நான் மரியாதை கருதி ஒட்டுக்கேட்கவில்லை.