இடது காலுக்கு ஒன்று

மருந்துக்கடை வாசலில் அண்ணன் நின்றுவிட்டார். காதில் இரண்டாவது பாட்டு தொடங்கிய இடம் அது.

நடந்துகொண்டே இருக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொள்ளும் நோய் அவருக்கு. கைக்கு ஒன்றுமில்லை. கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து லென்ஸ் பொருத்துகிறவர். திங்கட்கிழமை முதல் தனியாக வந்துபோக முடிந்தால் வேலை உண்டு என்று முதலாளி சொல்லியிருந்தார். முடியாவிட்டால் வேறு ஆள்.

காதில் தாளம் இருந்தால் அவர் நடப்பார். கடைக்கு ஆறு நிமிடம். அவருக்குப் பிடித்த பாட்டு எதுவும் நாலு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒன்று முடிந்து அடுத்தது வருவதற்குள் இருக்கும் மௌனத்தில் கால் நின்றுவிடும்.

அதனால்தான் தங்கையைக் கூப்பிட்டார்கள். விருந்துகளில் பாட்டோடு பாட்டை ஒட்டுவது அவள் பிழைப்பு. அரை மணி நேர வேலை என்று சொல்லி மடிக்கணினியைத் திறந்தாள். அவருக்குப் பிடித்த இரண்டு பாட்டை எடுத்து, நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு தாள அடி என்ற வேகத்துக்குக் கொண்டுவந்து ஒட்டினாள். திரையில் அலைகள் மேலும் கீழுமாக ஓடின. கோட்டின் மேல் கோடு உட்கார்ந்தது.

அப்படியும் மருந்துக்கடை வாசலில் நின்றுவிட்டார்.

"நான் என்ன பண்ணட்டும்?" என்றார் அண்ணன், வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தபடி. "அந்த இடத்துல கால் ஏன் போகணும்னு கேக்குது. எனக்குப் பதில் தெரியல."

"எல்லாம் சரியா இருக்குண்ணா. நீயே பாரு."

"நான் ஸ்கிரீன்லயா நடக்கறேன்?"

அவள் மறுபடி பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். பிசகில்லை. கடைசியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கூடத்தில் நடக்கத் தொடங்கினாள். சுவரிலிருந்து சுவர், திரும்ப, மறுபடி. அண்ணி காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"இப்ப ஒரு குதி குதிச்சியே."

"எப்ப?"

"ஜன்னல்கிட்ட. குட்டியா, ஆட்டுக்குட்டி மாதிரி."

"நான் குதிக்கல அண்ணி."

"பார்த்துட்டுத்தான் சொல்றேன். திரும்ப நட."

நடந்தாள். இந்த முறை காலையே கவனித்தாள். பாட்டு மாறும் இடத்தில் இடது கால் ஒரு அடியை விழுங்கிவிட்டு அடுத்ததைப் பிடித்தது.

தாளத்தில் பெரிய அடி விழும்போதெல்லாம் அண்ணன் இடது காலை வைப்பார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒன்றும் மூன்றும் இடது. இரண்டாவது பாட்டில் முதல் அடிக்கு முன்னால் மேளக்காரர் சும்மா ஒரு தட்டுத் தட்டியிருந்தார். மென்பொருள் அதைத்தான் 'ஒன்று' என்று எண்ணியிருந்தது. கோடுகள் பொருந்தின. எண்ணிக்கை ஓரடி தள்ளிப்போயிருந்தது. நல்ல கால் தன்னைத் தானே திருத்திக்கொண்டு போய்விடும். விருந்தில் ஆடுகிற கூட்டமும் அப்படித்தான். அண்ணன் காலால் முடியாது.

"அதனாலதான் கால் நின்னுச்சா?" என்றார் அண்ணன். "அப்ப என் கால் உன் கம்ப்யூட்டரவிட ஒழுங்கு."

"ரொம்பத்தான்."

'ஒன்று' என்ற குறியை ஓரடி நகர்த்தினாள். ஒரே ஒரு சொடுக்கு. பிறகு பத்து முறை நடந்து பார்த்தாள். அண்ணி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குதி இல்லை.

ஞாயிறு காலை அண்ணனை முன்னே விட்டு, இருபதடி பின்னால் அவள் நடந்தாள். அதே பாட்டு, அதே நேரத்தில் அவள் காதிலும். பேக்கரி. தையல் கடை. மருந்துக்கடைப் பலகை தெரிந்தபோது அவள் நடையைக் கூட்டாமல் பார்த்துக்கொண்டாள். ஓடிவந்து பிடிக்கக்கூடாது என்று அண்ணன் சொல்லி வைத்திருந்தார்.

முதல் பாட்டின் குரல் தேய்ந்தது. இரண்டாவதன் மேளம் அடியில் ஏறியது. இடது. வலது. இடது. மருந்துக்கடை அவருக்குப் பின்னால் போயிற்று.

பூட்டியிருந்த கண்ணாடிக் கடையின் கதவில் கை வைத்து அவர் நின்றார். இந்த முறை அவரே நிறுத்திக்கொண்டது. அவள் வந்து சேரும்வரை காத்திருந்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு எப்படி வர்றது? அதுக்குப் பாட்டு?"

அவள் அதை யோசிக்கவே இல்லை.

"இதையே திரும்பப் போடு இப்போதைக்கு," என்றார். "ராத்திரிக்குள்ள வேற செஞ்சு குடு. கொஞ்சம் வேகமா இருக்கட்டும். வீட்டுக்குத்தானே."