பின்முற்றத்துக்கு ஒரு கூரை

எழுந்ததும் பாயைச் சுருட்டுவேன். பாலை அடுப்பில் வைப்பேன். தூங்கும் பாப்பாவின் முதுகில் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே விசில் சத்தம் இல்லையென்றால் அன்றைக்கு அவளைக் காப்பகத்தில் விடலாம், நான் வேலைக்குப் போகலாம். பால் பொங்கும். அணைப்பேன். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்முற்றத்தைக் கடப்பேன். குளியலறை அந்தக் கோடியில். நடுவில் மேலே வெறும் வானம். மழை நாளில் ஒரு கையில் குடை, ஒரு கையில் பாப்பா, வாயில் பிரஷ்.

அப்படி ஒரு மழைக் காலையில் அவள் என் கையிலிருந்து நழுவி இறங்கி ஓடினாள். வழுக்கி விழுந்தாள். தாடையில் தையல் போட்டார்கள். நனைந்ததில் இழுப்பும் வந்தது.

மறுநாள் அண்ணி வந்தார். என் மனைவியின் அக்கா. பாப்பாவின் தாடையைத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அடுத்த மழைக்குள்ள மேல மூடுங்க தம்பி. முடியலன்னா சொல்லிடுங்க. பாப்பா எங்க வீட்ல வளரட்டும்."

"கொஞ்ச நாளைக்கா?"

"வளரட்டும்னு சொன்னேன்."

சரி என்றேன். மனைவி ஆபரேஷனில் இறந்துபோனதிலிருந்து யார் எது சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணி போன பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்பது உறைத்தது.

கூரை போடுகிறவர் வந்து அளந்தார். அவர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு டீ மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

அண்ணியின் கணவர், என் சகலை, டைல்ஸ் ஒட்டுகிறவர். கடைகள், கல்யாண மண்டபங்கள் என்று பெரிய தரைகளாகவே பார்த்துப் போடுவார். "ஆள் எதுக்கு சகல? நாம ரெண்டு பேர் போதும்" என்றார்.

"அண்ணி ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அவ குழந்தையைக் கேக்குறா. நான் கூரை போடுறேன். ரெண்டும் வேற வேற டிபார்ட்மென்ட்."

இடித்துப்போட்ட ஷெட் ஒன்றிலிருந்து பழைய ஃபைபர் ஷீட்டுகளைப் பேசி வாங்கினோம். பழைய ஆணி ஓட்டைகளைப் பசை வைத்து அடைத்தோம். சட்டத்துக்கு இரும்புக் குழாய் போதவில்லை. எங்கள் இரும்பு இரட்டைக் கட்டிலைக் கழற்றிக் கொடுத்தேன். சகலை என் முகத்தைப் பார்த்தார். பிறகு அதன் நீளத்தை அளந்தார். வெல்டிங் கடையில் எல்லாவற்றையும் ஒரே சட்டமாக ஒட்டிக் கொடுத்தார்கள்.

ஞாயிறு விடியும்போதே வானம் மூடியிருந்தது. சட்டத்தின் ஒரு பக்கத்தைச் சமையலறைச் சுவரில் அடித்த தாங்கிகளில் மாட்டினோம். மறுபக்கம் பின்சுவரின் மேல் உட்கார வேண்டும். பின்சுவர் ஒரு சாண் தாழ்வாக இருந்தது. சகலைக்கு அது பொறுக்கவில்லை. சுவர்மேல் செங்கல் அடுக்கி, சிமென்ட் வைத்து, சட்டத்தைத் தூக்கி உட்கார வைத்தார். நாலு மூலையிலும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி எங்கேயும் நடுக்கோட்டை விட்டு அசையவில்லை.

"ஒரு கோலிக்குண்டை வெச்சுப் பாரு சகல. உருளாது."

எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது. ஷீட்டுகளைப் போட்டு போல்ட் முடுக்கினோம். முற்றத்தில் வெளிச்சம் பச்சையாக இறங்கியது. பாப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

மதியம் அண்ணி வந்தார். தோளில் ஒரு காலிப் பை. அண்ணாந்து பார்த்தார்.

"கட்டில் எங்க?"

"மேல."

 அவர் கணவர் பக்கம் திரும்பினார். "பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுறதுல உங்களை அடிச்சுக்க ஆளில்லை."

"கூரை எப்படி இருக்குன்னு சொல்லுடி முதல்ல."

"மழை சொல்லட்டும்."

வெகுநேரம் காக்க வைக்காமல் மழை வந்தது. முதலில் ஷீட் மேல் பட்டாணி கொட்டுகிற மாதிரி. பிறகு பேச்சே கேட்கவில்லை. தரையில் ஒரு சொட்டு விழவில்லை. அண்ணி சமையலறை வாசலில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். சகலை கைகளைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

நான் மேலே பார்த்தேன். ஷீட்டின் நடுவில் ஒரு நிழல். கொஞ்சம் கொஞ்சமாக அகலமானது. தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

"சகல, தண்ணி எங்க போகும்?"

அவர் சிரிப்பு நின்றது. ஷீட்டைப் பார்த்தார். பின்சுவரில் தானே அடுக்கிய செங்கல்லைப் பார்த்தார். தலையில் கை வைத்தார்.

"வாட்டம் வைக்கலையே! பாத்ரூம் தரைக்குக்கூட வாட்டம் விடுறவன்டா நான். தண்ணி ஓடணும்னா ஒரு பக்கம் இறங்கணுமே! அண்ணாந்து வேலை பாத்ததுல தரைன்னே தோணல."

"இப்ப தோணுதாக்கும்" என்றார் அண்ணி.

பசை வைத்த ஓட்டை ஒன்று திறந்துகொண்டது. ஒரு சொட்டு. பிறகு நூல்போல ஒழுகல். ஷீட் தொப்பையாகக் கீழே இறங்கியது. கட்டில் சட்டம் முனகியது. தூக்கத்தில் புரளும்போது வரும் அதே சத்தம். அண்ணி பாப்பாவுடன் உள்ளே போனார். அலமாரி திறக்கும் ஓசை கேட்டது. பாப்பாவின் துணிகளை அந்தப் பையில் வைக்கிறார் என்று தெரிந்தது.

துடைப்பக்கட்டையால் ஷீட்டை மேலே நெட்டினேன். தண்ணீர் அடுத்த பக்கம் சாய்ந்து அங்கே தொங்கியது.

"அதை விடு சகல. உடைஞ்சா மொத்தமும் தலைமேல. பின்சுவர் செங்கல்லை எடுக்கணும். காலையில வெச்ச சிமென்ட்தான், இன்னும் இறுகியிருக்காது. நான் தட்டி எடுக்குறேன். அதுவரைக்கும் சட்டத்தை யாராவது தாங்கணும்."

யாராவது என்று சொல்ல அங்கே நான்தான் இருந்தேன். தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு ஏறினேன். குழாயின் கீழே தோளைக் கொடுத்தேன். டிரம் வழுக்கியது. சகலை சுவர்மேல் ஏறிக் கால்களை இருபக்கமும் போட்டு உட்கார்ந்து சுத்தியலை ஓங்கினார். முதல் செங்கல் போனது. பாரம் தோளில் இறங்கியது. இரண்டாவது அசையவில்லை.

"சீக்கிரம்."

"அசைய மாட்டேங்குது. என் வேலை அப்படி."

"உங்க வேலைப் பெருமையை அப்புறம் பேசலாம்!"

அப்போது பாப்பா ஓடி வந்தாள். நேராக முற்றத்து நடுவுக்கு, அந்தத் தொப்பைக்குக் கீழே. ஒழுகுகிற தண்ணீரில் கையை நீட்டினாள்.

"உள்ள போ!" என்று கத்தினேன். நான் கத்தி அவள் கேட்டதில்லை. அப்படியே நின்றுவிட்டாள். என்னால் இறங்க முடியாது. இறங்கினால் சட்டம் அவள் மேல். சகலை சுத்தியலைப் போட்டுவிட்டுக் குதிக்கப் பார்த்தார்.

"நீங்க செங்கல்லை எடுங்க!"

அண்ணி வந்தார். பை தோளில் இருந்தது. பாப்பாவை ஒரு கையால் வாரி எடுத்து வாசலுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு திரும்பி வந்து, என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறி, அதே குழாய்க்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்தார். அவர் முழங்கை என் விலாவில் இடித்தது. இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம்.

இரண்டாவது செங்கல் வந்தது. பிறகு மளமளவென்று மற்றவை. சட்டத்தை அங்குலம் அங்குலமாக இறக்கிச் சுவரில் வைத்தோம். மேலே தேங்கிய தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. பிறகு மொத்தமும் பின்சந்தில் கொட்டியது. சந்தில் போன யாரோ எங்கள் பரம்பரையையே திட்டினார்கள். சகலை சுவர்மேல் இருந்தபடியே கும்பிடு போட்டார்.

மழை நிற்கவில்லை. ஆனால் தண்ணீர் தேங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு ஓட்டைக்குக் கீழே வாளி வைத்தேன்.

அண்ணி ஸ்டூலிலிருந்து இறங்கி அதன்மேலேயே உட்கார்ந்தார். பை மடியில். உள்ளே பாப்பா கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன். உள்ளதைச் சொல்லுங்க. 'அக்கா பாத்துக்குவா'ன்னு தங்கச்சி கடைசியா சொன்னதா எல்லாரும் சொல்றாங்க. நானும் அதைத்தான் பிடிச்சுக்கிட்டுத் திரியறேன். ஆபரேஷன் ரூம் கதவு வரைக்கும் கூடப் போனது நீங்க ஒருத்தர்தான். சொன்னாளா?"

'நீங்களே வளர்க்கணும்' என்று என்னிடம் சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொல்ல ஆளில்லை. வாய்வரை வந்தது. சகலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படிச் சொல்லல அண்ணி. என்னைப் பாத்துக்கச் சொல்லியும் பெருசா ஒண்ணும் சொல்லல."

"பின்ன?"

சொன்னேன். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பும் கலந்திருந்தது. "அவதான்" என்றார். "அவளேதான்." பிறகு எழுந்து உள்ளே போய், பையைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்கினார்.

ஸ்ட்ரெச்சர் ஆபரேஷன் ரூம் கதவைத் தாண்டும்போது தலையை மட்டும் தூக்கி என் மனைவி சொன்னது இதுதான்:

"பாப்பாவுக்கு நகம் வெட்டுறப்ப எப்பவும் சுண்டு விரலை விட்டுடுறீங்க. அதையும் வெட்டுங்க."