ஊர் விசாரித்தல்

எல்ம்ஸ்லேட் என்ற ஊரின் சரித்திரத்தை அந்த ஊர்க்காரர்கூட லூர்து அளவுக்குக் கரைத்துக் குடித்திருக்க மாட்டார்கள். ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடிக் குடியிருப்பின் ஐந்தாம் மாடியில் இருந்துகொண்டு, இங்கிலாந்தின் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் கிடக்கும் ஆறாயிரம் சனத்தின் பூர்வீகத்தை மூன்று வாரமாகக் கிண்டினார். பாலத்தைக் கட்டியவர்கள் துறவிகள். அதில் சுங்கம் வாங்கியவர்கள் மேட்டுத் தெருக் குடும்பங்கள். தோணிக்காரரும் தோல் பதனிட்டவரும் கீழ்க்கரை. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அவர்கள் வீடுதான். இரண்டு பகுதியும் இருநூறு வருடம் சம்பந்தம் செய்யவில்லையாம். அட, வெள்ளைக்காரனிலும் இது இருக்கிறதே என்று லூர்துக்குப் பெரிய ஆறுதல்.

மகள் கரோலினா விரும்பிய தோமஸ் அந்த ஊர்ப் பிள்ளை. ஒரே மகள். அவளை மணப்பெண்ணாகக் கோயிலுக்குள் கைபிடித்துக் கூட்டிப்போகும் நாளுக்காகவே மனிசன் உயிரோடிருந்தார். அதற்காக ஊர் விசாரிக்காமல் பெண் கொடுக்க முடியுமா? ஞாயிறு பூசை முடிந்து அவள் வந்து கதிரையில் இருந்ததும் தொடங்கிவிட்டார்.

“பிள்ளை, தோமஸின்ர ஆக்கள் மேட்டுத் தெருவோ, கீழ்க்கரையோ? சும்மா கேக்கிறன். நாங்கள் வேதக்காரர், உதெல்லாம் பாக்கிறேல்லை.”

கரோலினா கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். நான்கு வருடத்துக்கு முன் அவள் கூட்டிவந்த சுரேன் அதே கதிரையில்தான் இருந்தான். அன்றும் இதே ‘சும்மா’தான். எந்த ஊர், எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி. அவன் சொல்லச் சொல்ல லூர்தின் முகம் கறுத்தது. மறுநாள் ஹவுகெட்டோவில் இருந்த சுரேன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, அவன் தகப்பனிடம் அவர் சொன்ன சொல் இருக்கிறதே, வாயால் திருப்பிச் சொல்லக் கூசும். அதோடு அந்தக் கதை முடிந்தது.

“கீழ்க்கரை அப்பா. தோல் பதனிட்ட சனம்.”

லூர்து தாடையைத் தடவினார்.

“சரி, பறவாயில்லை. இஞ்சை ஆருக்குத் தெரியப்போகுது? மேட்டுத் தெருவெண்டே சொல்லுவம்.”

சுரேனுக்குக் கிடைக்காத மன்னிப்பு தோமஸுக்கு அரை நிமிடத்தில் கிடைத்துவிட்டது. தன் பெருந்தன்மை லூர்துக்கே பிடித்திருந்தது.

கரோலினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்ல வேண்டாம் அப்பா. போன வெள்ளி இஞ்சை ஒஸ்லோவிலையே கலியாணம் எழுதியாச்சு.”

லூர்து ஏன் பிள்ளை என்று கேட்டிருக்கலாம். அழுதிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

“ஆர் சாட்சிக் கையெழுத்து வச்சது?”

“சுரேன்.”

அவள் எழுந்து போனாள். லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. லூர்து ஒற்றைக் காலில் மட்டும் சப்பாத்தை மாட்டியபடி, மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு திறந்த கதவடியில் நின்றார்.