அட்டையில் இல்லாத முகம்

தீக்காய வார்டில் அலறும் பிள்ளைகளைக் கண்டு எனக்குப் பயமில்லை. சத்தமே போடாத பிள்ளைகள்தான் என் தூக்கத்தைக் கெடுப்பார்கள். குருவி அந்த ரகம்.

ஐந்து வயது. அம்மா அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர், கை தவறி அவள் முதுகில் கொட்டிவிட்டது. தினமும் கட்டுப் பிரிக்கும் முன் வலி அட்டையை நீட்டுவேன். வரிசையாக ஆறு முகங்கள். சிரிப்பில் ஆரம்பித்து அழுகையில் முடியும். “எவ்வளவு வலிக்குது? இதுல எது உன் முகம்?” என்றால் சிரிக்கிற முகத்தையே தொடுவாள்.

“என் பொண்ணு பொறுமைசாலி சிஸ்டர்,” என்பாள் அம்மா, ஈரக் கண்ணோடு. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று டாக்டர் வேறு தட்டிக்கொடுத்தார். சொல்ல அவருக்கென்ன, வெந்தது அவர் முதுகு இல்லையே.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். குருவி அழாததால், கட்டுப் பிரிக்குமுன் போடும் வலி குறைக்கும் ஊசியை இன்றுமுதல் பாதியாக்கச் சொல்லிவிட்டார் டாக்டர்.

“அவ கால் விரலைப் பாருங்க டாக்டர். கட்டுல கை வெச்சாலே மடங்கி வெளுத்துப் போகுது.”

“மருந்து கூடினா மூச்சு மந்தமாகும் சிஸ்டர். வலிக்குதுன்னு அவளே சொல்லட்டும், குறைக்கல.”

அம்மாவை மாற்றுத்துணி எடுத்துவர அனுப்பிவிட்டு அட்டையை நீட்டினேன். விரல் பழையபடி சிரிப்புக்கே போனது. எனக்குக் கோபம் வந்தது; அவள்மேல் இல்லை.

“சரி, அம்மாவுக்கு எது?” என்றேன், வாய்க்கு வந்தபடி.

யோசிக்கவே இல்லை. கண்ணீர் வழிகிற கடைசி முகத்தைத் தொட்டாள்.

“அம்மாவுக்கு எங்க வலிக்குது?”

“தெரியல. நான் கத்துனா ஜாஸ்தியாயிடும்.”

அட்டையைப் போர்வைமேல் வைத்தேன். “இப்ப அம்மா இங்க இல்ல. உனக்கு எதுன்னு சொல்லு.”

விரல் கடைசி முகத்துக்கு வந்தது. அங்கே நிற்கவில்லை. அட்டையின் ஓரத்தையும் தாண்டி, போர்வைமேல் ஊர்ந்து நின்றது.

“இங்க. படம் இல்லக்கா.”

டாக்டரை இழுத்துவந்து அவள் விரல் நின்ற இடத்தைக் காட்டினேன். வெறும் போர்வையைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், பழைய அளவையே எழுதிக் கொடுத்தார்.

ஊசியோடு கட்டிலருகே வரும்போது அம்மா துணிப்பையுடன் வந்துவிட்டாள்.

“இன்னிக்கும் சிரிச்ச முகந்தானே சிஸ்டர்?”

குருவி என்னையே பார்த்தாள். அவள் கால் விரல்கள் மடங்கி வெளுத்திருந்தன. கட்டை யாரும் தொடவில்லை.

“ஆமாம்மா,” என்றேன்.

விரல்கள் மெல்ல விரிந்தன. மருந்தின் வேலை என்று நினைக்கத்தான் ஆசை. ஊசியை நான் இன்னும் போட்டிருக்கவில்லை.